பள்ளிவாசலும் ஊராரும் சேர்ந்து மரம் வளர்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பள்ளிவாசல் வளாகம், சூராவ் (சிறு தொழுகைக் கூடம்), மையவாடி (அடக்கத்தலம்), தாமான் திடல், பழைய லயத்து நிலம் ஆகிய இடங்களில் மரம் நட முன்வருவோர் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே உள்ளன. சுற்றிலும் செம்பனையும் பால்மரமுமாக (ரப்பர்) இருக்கும் எந்தத் தோட்டத்து டவுனுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

மரம் நடுவது மார்க்கக் கடமையா?

ஃபர்ளு (கட்டாயக் கடமை) இல்லை, ஸதகா (விரும்பிச் செய்யும் தர்மம்). ஒரு முஸ்லிம் மரம் நட்டோ பயிரிட்டோ, அதிலிருந்து பறவையோ மனிதனோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதில் மனிதன் என்று பொதுவாகத்தான் வருகிறது. யார் வீட்டுப் பிள்ளை பறித்துத் தின்றாலும் கணக்கு ஒன்றுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே நன்மை, உண்பதோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. நட்ட மூன்றாம் வாரம் காய்ந்துபோன கன்றில் எந்தக் குருவியும் உட்காராது. நடும் நாளில் பதாகை பிடித்து எடுத்த படத்தை யாராலும் தின்னவும் முடியாது. ஆகவே கீழே வரும் பதில்களில் பல, நட்ட பிறகு வரும் இரண்டு வருட வேலையைப் பற்றியவை.

எந்த மாதத்தில் நடலாம்?

நம் மேற்குக் கரைப் பக்கம் மழை இருமுறை உச்சத்துக்கு வரும்: அக்டோபர்–நவம்பர் ஒன்று, ஏப்ரல்–மே மற்றொன்று. ஜனவரி–பிப்ரவரியும் ஜூன்–ஜூலையும் வறட்சி. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிவுக்குள் நட்டுவிட்டால் வேர் பிடிக்க இரண்டு மாதமாவது கிடைக்கும். டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஆள் சேர்வது எளிது என்று அப்போது நடுவார்கள். அந்தக் கன்று வேர் விடுவதற்குள் ஜனவரி வெயில் வந்துவிடும்.

இந்தச் சில ஆண்டுகளுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. 2026-இல் பிப்ரவரி நடுவில், 2027-இல் பிப்ரவரி முதல் பகுதியில், 2028-இல் ஜனவரி கடைசியில் என்று சரியாக வறட்சிக்குள்ளேயே வருகிறது. நோன்பு வைத்துக்கொண்டு மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர்த் தோங் (பீப்பாய்) தூக்க ஆள் வரமாட்டார்கள். அந்த மாதத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றும் நேரத்தை அதிகாலை சுபுஹு தொழுகை முடிந்த கையோடு வைத்து, முறைப்பட்டியலை ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

யாரிடம் அனுமதி கேட்பது?

சாலையோரம் என்றால் அது யாருடைய சாலை என்று முதலில் பாருங்கள். ஊர்ச் சாலைக்கு நகராண்மைக் கழகம், கூட்டரசு அல்லது மாநிலச் சாலைக்குப் பொதுப்பணி இலாகாவான ஜே.கே.ஆர்., ஆற்றங்கரைக்கும் பெரிய கால்வாய் ஒதுக்கீட்டுக்கும் வடிகால், நீர்ப்பாசன இலாகாவான ஜே.பி.எஸ். தோட்டத்து நிலமென்றால் மானேஜரிடமிருந்து கடிதம் வேண்டும். கிராணியோ (எழுத்தர்) மண்டோரோ (மேற்பார்வையாளர்) தலையசைத்தது போதாது. மறுநடவு வரும்போது உங்கள் மரமும் சேர்ந்தே போகும்.

வக்ஃபு (அறக்கொடை) நிலத்துக்கு நிர்வாகக் குழுவின் தீர்மானத்தோடு விஷயம் முடிவதில்லை. மலேசியாவில் வக்ஃபு சொத்துகளுக்குப் பொறுப்பாளர் அந்தந்த மாநில இஸ்லாமிய சமய மன்றம்தான். பின்னாளில் மதரஸா கட்டவோ பார்க்கிங் விரிக்கவோ திட்டம் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மரங்கள் இங்கே நன்றாக வரும்?

முதலில் எதற்காக நடுகிறோம் என்பதைத் தீர்மானியுங்கள். நிழலா, பழமா, பறவைக்கா?

நிழலுக்கு எங்கள் முதல் தேர்வு மகிழம். நர்சரியில் பூஙா தஞ்சோங் என்று கேட்க வேண்டும். மெதுவாகத்தான் வளரும். ஆனால் கிளை எளிதில் முறியாது, இலை அடர்த்தி, காருக்கு மேல் பெரிதாக எதுவும் விழாது. நாங்கு மரமும் (பெனாகா லிலின்) கூம்பாக, ஒழுங்காக வளரும். அவசரமாக நிழல் வேண்டுமென்றால் கெத்தாபாங் கெஞ்சானா. தூங்குமூஞ்சி மரத்தின் நிழலுக்கு ஈடில்லை, ஆனால் அதற்குத் திடல் அளவு இடம் வேண்டும். பள்ளிவாசல் சுவரோரம் அதை வைத்தால் இருபது வருடம் கழித்து அடுத்த தலைமுறை உங்களைத் திட்டும். அக்காசியா வேண்டவே வேண்டாம். வேகமாக வளர்ந்து, புயல் காற்றில் முதல் ஆளாகச் சாயும்.

பழத்துக்குக் கொய்யா, ஜம்பு ஆயேர், அரைநெல்லி, மா, பலா. பலாவும் அதன் இனமான செம்படாக்கும் பழைய பால்மர நிலத்தில் நடும் முன் கீழே உள்ள வேர்நோய்ப் பகுதியைப் படியுங்கள். எலுமிச்சை, லீமாவ் வகைகள் நடுவதாக இருந்தால் பக்கத்தில் கெமூனிங் வேலி போடாதீர்கள். எலுமிச்சை இலை மஞ்சளித்து மரம் ஒடுங்கும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி கெமூனிங்கில் நன்றாகப் பெருகும். கறிவேப்பிலையிலும் அது குடியிருக்கும்.

பறவைக்கு, புவா செரி. செம்பனைக் காட்டில் பழந்தின்னிப் பறவைகளுக்குத் தீனி குறைவு. செரி ஓரிரு வருடத்தில் காய்த்து ஆண்டு முழுவதும் கொடுக்கும். கிளை உடையும், விதை கால்வாயில் விழுந்து முளைக்கும். திடலின் ஓரத்தில் ஒன்றிரண்டு போதும்.

வேம்பு நன்றாக வரும், ஆனால் நீர் தேங்கும் இடத்தில் அழுகும். திருவிழாக் காலத்தில் வேப்பிலை கேட்டு அண்டை அயலார் வருவார்கள், தாராளமாகக் கொடுங்கள். மரம் ஆள் உயரத்தைத் தாண்டும்வரை மட்டும் கூண்டு போட்டு வையுங்கள், இல்லையென்றால் குச்சிதான் மிஞ்சும். ஆல், அரசு வகைகளைக் கால்வாய்க்கும் கட்டடத்துக்கும் பக்கத்தில் நடக்கூடாது. வேர் சிமெண்டைப் பிளந்துவிடும்.

தூரக் கணக்கு: சிறு மரத்துக்குச் சுவரிலிருந்து 4 முதல் 5 மீட்டர், பெரிய மரத்துக்கு 10 மீட்டருக்குக் குறையாமல். மின்கம்பிக்கு நேர்க் கீழே கொய்யா, அரைநெல்லி அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பள்ளிவாசல் முன்னால் பேரீச்சை வைக்க எல்லாருக்கும் ஆசை. வைக்கலாமா?

வைக்கலாம், பழத்தை எதிர்பார்க்காதீர்கள். பேரீச்சம்பழம் பழுக்க மழையில்லாத கடும் வெயில் மாதங்கள் வேண்டும். இங்கே காய் பழுக்கும் முன்பே அழுகியோ உதிர்ந்தோ போகும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கொட்டை போட்டு வளர்த்தால் ஏறக்குறைய பாதி ஆணாகத்தான் வரும். போதாக்குறைக்கு, செம்பனை மறுநடவில் வெட்டிப் போட்ட தண்டுகள் மட்கும்போது அதில் காண்டாமிருக வண்டு பெருகி, ராத்திரியில் பறந்து வந்து தென்னை, பேரீச்சைக் குருத்தைத் துளைக்கும். விரிந்த மட்டையில் கத்தரித்த மாதிரி முக்கோண வெட்டு தெரிந்தால் அது வண்டின் வேலை.

இறுதி நாள் வந்துவிட்ட வேளையிலும் கையில் ஒரு கன்று இருந்து, நட முடியுமானால் நட்டுவிடட்டும் என்ற அனஸ் (ரலி) அறிவிப்பு முஸ்னத் அஹ்மதிலும் அல்-அதபுல் முஃப்ரதிலும் இருக்கிறது. அங்கே சொல்லப்படுவது பேரீச்சங்கன்றுதான், காரணம் அது மதீனாவின் மரம். இங்கே அந்த இடத்தில் கொய்யாவும் மாவும் நிற்கும்.

பழைய பால்மர நிலம், செம்பனை நிலம். நேரடியாக நடலாமா?

பால்மரம் நின்ற இடத்தில் மண்ணுக்குள் விட்டுப்போன கட்டையில் வெள்ளை வேர்நோய் பல வருடம் உயிரோடிருக்கும். புதுக் கன்றின் வேர் அந்தக் கட்டையைத் தொட்டால் போதும், நூல் நூலாக வெள்ளைப் பூஞ்சை ஏறி ஆணிவேரை அழுகச் செய்யும். மேலே பார்த்தால் இலை மட்டும் வெளிறித் தொங்கும், தண்ணீர்க் குறை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பலா, செம்படாக், மரவள்ளிக்கும் இது பிடிக்கும். குழி தோண்டும்போது பழைய வேர் தட்டுப்பட்டால் சுற்றிலும் 1 மீட்டர் தூரத்துக்காவது தோண்டி எடுத்து அப்புறப்படுத்துங்கள், இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். செம்பனைக் கட்டைக்கும் அதே யோசனைதான். அதில் கனோடெர்மா என்ற அழுகல் பூஞ்சை இருக்கலாம், தென்னையை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பால்மரமே இந்த மண்ணுக்கு வந்தேறிதான். 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளிலிருந்துதான் இந்த வட்டாரத்தின் கதை தொடங்குகிறது. நூறாண்டுக்கு மேல் ஒரே பயிர் நின்ற மண்ணில் புளிப்பு (அமிலத்தன்மை) அதிகம், மேல்மண் மெல்லியது. அதை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள அளவுகளைச் சொல்கிறோம்.

குழி, உரம், நடவு: அளவு சொல்லுங்கள்.

கன்று 60 முதல் 90 செ.மீ. உயரம், பாலிபேக்கில் வளர்ந்ததாக இருக்கட்டும். பெரிய கன்று பார்க்க அழகு, பிழைப்பது கடினம்.

நடவுக்கு இரண்டு வாரம் முன்பு குழி தோண்டுங்கள். 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம். மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் போடுங்கள். இயந்திரத் துளைப்பானால் தோண்டினால் குழியின் சுவர் பானை மாதிரி மழுங்கிவிடும், சங்குலால் (மண்வெட்டி) நாலு பக்கமும் கீறிவிட வேண்டும். பிறகு குழி நிறையத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாள் காலையும் தண்ணீர் நின்றால் அங்கே குழியில் நடக்கூடாது. 30 செ.மீ. மண்மேடு கட்டி அதன் மேல் நடுங்கள்.

நடும் நாளில் மேல்மண் மூன்று பங்குக்கு மட்கிய எரு ஒரு பங்கு கலந்து, அதோடு ராக் பாஸ்பேட் 150 கிராம். பால் டின்னில் பாதிக்கும் சற்றுக் குறைவாக வரும். சுண்ணாம்புத் தூளையும் அதே குழியில் கொட்டாதீர்கள். ராக் பாஸ்பேட் கரைவதற்கு மண்ணின் புளிப்புதான் உதவுகிறது, சுண்ணாம்பு அதைக் கெடுக்கும். சுண்ணாம்பு போட்டே ஆக வேண்டுமென்றால் ஆறு மாதம் கழித்து மேல்மண்ணில் தூவலாம். யூரியா, என்.பி.கே. எதையும் குழிக்குள் போடக்கூடாது. இளம்வேர் கருகும்.

பாலிபேக்கைக் கிழித்து எடுங்கள். இதை எழுத வேண்டியிருப்பதே வருத்தம், ஆனாலும் எழுதுகிறோம்: கூட்டமாக நடும் நாளில் நாலைந்து கன்று பையோடுதான் மண்ணுக்குள் போகிறது. கிழித்த பைகளை எண்ணி, நட்ட கன்றுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். அடியில் வட்டமாகச் சுற்றிக்கொண்ட வேரை வெட்டிவிடுங்கள். தண்டும் வேரும் சேரும் கழுத்து தரைமட்டத்தில் இருக்கட்டும். அதற்குக் கீழே புதைத்தால் பட்டை அழுகும்.

மூடாக்கு 5 முதல் 8 செ.மீ. கனம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. மில்லிலிருந்து கிடைக்கும் செம்பனை வெறுங்குலை நல்லதுதான், ஆனால் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டுக்கு நீங்களே தொட்டில் கட்டியதாகிவிடும். பால்மரத் தூளைப் பச்சையாகப் போட்டால் இலை மஞ்சளிக்கும், கரையானும் வரும்.

முதல் என்.பி.கே. 15:15:15 நட்டு ஒரு மாதம் கழித்து 50 கிராம். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 100 கிராம், இலை நிழல் விழும் வட்டத்தில்.

கோழி எரு, மாட்டு எரு நஜீஸ் (மார்க்கப்படி அசுத்தம்) ஆயிற்றே?

ஷாஃபிஈ, ஹனஃபி இரண்டு மத்ஹபிலும் (சட்டவழி) சாணமும் எச்சமும் நஜீஸ்தான். ஆனால் உரமாக இடுவதற்குத் தடையில்லை, அதில் வளர்ந்த காயும் பழமும் சுத்தம். கையில், துணியில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவ வேண்டும், அவ்வளவுதான். எரு அள்ளும் வேலையைத் தொழுகை நேரத்துக்கு ஒட்டி வைக்காதீர்கள். உடை மாற்ற வீட்டுக்குப் போனவர் திரும்பி வருவதில்லை. பச்சைக் கோழி எரு கன்றைச் சுட்டுவிடும், இரண்டு மூன்று மாதம் மட்கவிட்டுப் போடுங்கள்.

உளூச் செய்த (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிய) தண்ணீரைச் செடிக்கு விடலாமா?

தாராளமாக. அந்தத் தண்ணீரால் மறுபடி உளூச் செய்யக்கூடாதே தவிர, அது அசுத்தமில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து என்னும் அந்தக் கால அளவைத் தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது, ஏறக்குறைய முக்கால் லிட்டர். குழாயை நடுத்தரமாகத் திறந்துவிட்டு உளூச் செய்தால் 3 முதல் 5 லிட்டர் போகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு 200 பேர் வந்தால் 600 லிட்டருக்குக் குறையாமல் கால்வாயில் ஓடுகிறது என்று கணக்கு. முதலில் குழாயைக் குறைக்கச் சொல்லுங்கள். மிச்சம் ஓடுவதை மரத்துக்குத் திருப்புங்கள்.

அமைப்பு எளிது. உளூத் தொட்டியின் வடிகாலில் வலை வைத்த சிறு பெட்டி, அங்கிருந்து மூடியுள்ள 1,000 லிட்டர் தொட்டி, அதன் அடியில் குழாய், பிறகு ரப்பர் ஹோஸ். தொட்டி வடிகாலைவிடத் தாழ்ந்தும் கன்றுகளைவிட உயர்ந்தும் இருந்தால் பம்ப் தேவையில்லை. வலையில் முடியும் பஞ்சும் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் தண்ணீர் பின்வாங்கி உளூ இடத்திலேயே தேங்கும். கழிப்பறைக் குழாயும் சோப்புப் போட்டுக் கழுவும் இடத்துக் குழாயும் இதில் சேரக்கூடாது. ஒரு நாளுக்கு மேல் தண்ணீரைத் தேக்காதீர்கள், நாற்றம் வரும்.

எத்தனை மரம் நடலாம்?

தண்ணீர் ஊற்ற எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. ஐந்து நாள் மழையில்லை என்றால் கன்றுக்கு 10 லிட்டர், வாரம் இருமுறை. 40 கன்றென்றால் ஒரு தடவைக்கு 400 லிட்டர், அதாவது இரண்டு பெரிய தோங். ஒரு குடும்பத்துக்கு மூன்று கன்று என்று பிரித்து, கன்றுக்கு எண் அடித்த தகரம் கட்டுங்கள். பதின்மூன்று பதினான்கு குடும்பம் சேர்ந்தால் 40. அதற்கு மேல் வேண்டாம். 3, 12, 24-ஆம் மாதங்களில் உயிரோடிருப்பதை எண்ணி, அந்த எண்ணிக்கையைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் போடுங்கள். நட்ட எண்ணிக்கையைப் போடத் தேவையில்லை.

நன்றாகத் துளிர்த்த கன்று திடீரென்று காய்வது ஏன்?

தண்டின் அடியைக் குனிந்து பாருங்கள். தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் பட்டை வளையமாக உரிந்திருந்தால் புல் மெஷினின் நைலான் நூல் பட்டிருக்கிறது. மேலிருந்து வேருக்குச் சத்து இறங்கும் வழி அந்தப் பட்டைதான். சுற்றிலும் அறுந்தால் ஒரு மாதம் பச்சையாக நின்று பிறகு மொத்தமாகக் காயும். திடலில் சாகும் கன்றுகளில் பெரும்பங்கு இப்படித்தான். அடிப்பகுதி வெட்டிய தண்ணீர்ப் போத்தலையோ நீளவாட்டில் பிளந்த பி.வி.சி. குழாயையோ தண்டைச் சுற்றி மாட்டி, அரை மீட்டர் வட்டத்தில் கையால் புல் பிடுங்கி வைத்தால் மெஷின்காரர் கிட்டே வரவே தேவையிருக்காது.

ஒரு பக்க இலை மட்டும் கருகிச் சுருண்டிருந்தால் பக்கத்துத் தோட்டத்துக் களைக்கொல்லி காற்றில் வந்திருக்கிறது. பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை, ஆனால் மற்ற மருந்துகள் அடிக்கிறார்கள். மருந்தடிக்கும் நாளை மண்டோரிடம் முன்கூட்டிக் கேட்டு வைப்பது நல்லது. உச்சி முழுக்கக் கடித்திருந்தால் மாடு. நாலு கம்பும் முள்கம்பி இல்லாத வலையும் போதும்.

மரம் நட்டால் டிங்கி வருமா?

மரத்தால் வராது, நட்டவர்கள் போட்டுவிட்டுப் போவதால் வரும். கிழித்த பாலிபேக், டப்பா, தேங்காய் மட்டை எல்லாவற்றையும் அன்றே அள்ளுங்கள். முக்கியமாக மூங்கில் முட்டு: கணுவுக்கு நேர் மேலே வெட்டினால் குழல் இருக்காது, நடுவில் வெட்டினால் உச்சியில் ஒரு கோப்பைத் தண்ணீர் நிற்கும். ஏடிஸ் முட்டையிட அது போதும். வெட்டி நட்டுவிட்டீர்களா? குழலில் மண்ணை அடைத்துவிடுங்கள். தொட்டிக்குக் கொசுவலை கட்டாயம். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொசு முட்டையிட்டிருந்தால் அபராதம் உண்டு, பள்ளிவாசலுக்கும் சேர்த்துத்தான்.

மையவாடியில்?

நபி (ஸல்) அவர்கள் இரண்டு கப்ர்களின் (சமாதி) மேல் பச்சை மட்டையை நட்டு வைத்த ஹதீஸ் தெரிந்ததே. கப்ரின் மேல் சிறு செடிக்கு மேல் போக வேண்டாம். வேர் கப்ரைக் குலைக்கும், பக்கத்தில் அடுத்த குழி தோண்டுபவருக்கும் தொல்லை. பெரிய மரம் வேலியோரம் மட்டும்.

ஸகாத் பணத்தில் கன்று வாங்கலாமா?

ஸகாத்துக்குக் குர்ஆன் (9:60) எட்டுப் பிரிவினரைச் சொல்லிவிட்டது. கன்றுக்குப் பொது ஸதகாவும் நன்கொடையும்தான்.

காய்த்தால் பழம் யாருக்கு?

சண்டை வருவது இங்கேதான். ஷாஃபிஈ ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்களில் உள்ள நிலை: பள்ளிவாசலில் நட்டவர், மக்கள் தின்பதற்கென்று நட்டிருந்தால் யாரும் தின்னலாம். பள்ளிவாசலுக்கென்று நட்டிருந்தால் விற்று அதன் செலவுக்குச் சேர்க்க வேண்டும். எனவே நடும் அன்றே நோக்கத்தை எழுதிவிடுங்கள். மரத்தடியில் “ஸதகா, எல்லாரும் பறிக்கலாம்” என்று தமிழிலும் மலாயிலும் ஒரு பலகை போதும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் கல்லெறிவதும் குறையும், கேட்டுப் பறிக்க வேண்டியதில்லை என்று தெரிந்தால் கல்லெதற்கு?

பிறகு மரத்தை வெட்ட வேண்டி வந்தால்?

இலந்தை மரத்தை வெட்டுவதைக் கண்டிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் வருகிறது. வழிப்போக்கரும் கால்நடையும் நிழலுக்கு ஒதுங்கும் வனாந்தர மரத்தை நியாயமின்றி வெட்டுவதைப் பற்றியது அது என்று அபூதாவூதே விளக்கமும் எழுதியிருக்கிறார். பட்டுப்போய் விழப்போகும் மரத்தை அது தடுக்கவில்லை. நாட்டுச் சட்டம் தனி: நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 172) தண்டின் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை வெட்ட உள்ளூராட்சி அனுமதி கேட்கிறது. மரத்தால் உடனடி ஆபத்து என்றால் படம் எடுத்து, தேதி குறித்துக்கொண்டு நகராண்மைக் கழகத்தில் சொல்லுங்கள். முதலில் கிளையைக் கழித்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பல மரங்களுக்கு அதுவே போதும்.